இரவல் போன பிக்கப்

ஆர்லிஸ் ஹவ்கன் 1951 மார்ச் நான்காம் தேதி, வட டகோட்டாவில் ஹெல்விக் ஊருக்கு வடக்கே பதினேழு மைல் தள்ளி, தன் அப்பாவின் பண்ணை வீட்டில் பிறந்தாள். அன்று டாக்டர் வந்து சேரவில்லை. பாதையைப் பனி மூடியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகும் அவள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. கணவன் டுவேன்தான் ஒரு பெட்டியோடும் ஒரு நாயோடும் அங்கே வந்து சேர்ந்தான். குழந்தைகள் இல்லை. பத்தொன்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அத்தனை வருஷத்தில் பஸ் நேரம் தவறியது ஒரே ஒரு நாள், அதுவும் வெள்ளத்தில் பாலம் போனதால். 2003 அக்டோபரில் டுவேன் இருதயக் கோளாறில் இறந்தான். அதிலிருந்து அறுபத்துநான்கு கறவையில்லாத மாமிச இனப் பசுக்களை அவள் தனியாகவே பார்த்துக்கொண்டாள்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், 2009 குளிர்காலத்தில் இவை எல்லாமே ஏறக்குறைய ஒரு கியர் பெட்டியால் முடிவுக்கு வர இருந்தன என்பதுதான்.

அவளிடம் இருந்தது 1996ஆம் வருஷத்துப் பச்சை நிற பிக்கப், பின்னால் திறந்த தளமுள்ள, தானே கியர் மாற்றிக்கொள்ளும் சிறு லாரி. பின்தளத்தில் இரண்டு இரும்புக் கைகள் பொருத்தியிருக்கும். உள்ளே உட்கார்ந்தபடி பொத்தானை அழுத்தினால் அவை விரியும். அரை டன்னுக்கு மேல் கனக்கும் காய்ந்த புல் உருளையை இரண்டு பக்கமும் கவ்வித் தூக்கும். தளத்தின்மேல் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றைக் கவ்விக்கொண்டால் ஒரே தடவையில் இரண்டு போகும். மேய்ச்சல் மேட்டுக்கு ஓட்டிப் போய், உருளையைத் தரையில் தொடும்படி இறக்கி, வண்டியை மெதுவாக நகர்த்தினால், புல் பாய் விரித்தது போலப் பனிமேல் விரியும். மாடுகள் இரு வரிசையாக நின்று தின்னும். டுவேன் போன அடுத்த வசந்தத்தில் அவள் டிராக்டரை விற்றுவிட்டாள். பிக்கப் போதும் என்றாள். நான்கு குளிர்காலம் அது போதுமானதாகவும் இருந்தது.

எங்கள் பக்கம் வண்டிச் சாவியை யாரும் வீட்டுக்குள் எடுத்துப் போவதில்லை. அது வண்டியிலேயே தொங்கும். தேவைப்பட்டவர் ஒரு போன் செய்துவிட்டு எடுத்துப் போகலாம். திருப்பி விடும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. பெட்ரோல் முழுக்க நிரப்ப வேண்டும். ஆயில் எல்லாம் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். ஊற்றிய காலி பாட்டிலை சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போக வேண்டும். அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. உடையவர் கேட்கவும் கூடாது. நன்றி என்ற வார்த்தையை அந்தப் பாட்டிலே சொல்லிவிடும்.

அந்தக் குளிர்காலத்தில் பனி 2008 நவம்பர் ஆறாம் தேதியே விழுந்துவிட்டது. தெற்குப் பண்ணை கெய்லன் ரோஷாவின் டிராக்டரில் பம்பு உடைந்து, மாற்று பம்பு வர நாளாயிற்று. மேற்குப் பண்ணை வெர்டெல் குட்ர்னாவின் டீசல் வண்டி குளிரில் கிளம்ப மறுத்தது. எனக்கு அப்போது எழுபத்துமூன்று வயது. நாற்பத்தொரு வருஷம் தானியக் கிடங்கில் எடை மேடையில் நின்று ஓய்வு பெற்றவன். எதையும் அளவும் நேரமும் போட்டு நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் மட்டும் ஓயவில்லை. பன்னிரண்டு மாடு வைத்திருந்தேன், உருளை தூக்க எதுவும் வைத்திருக்கவில்லை. ஆகவே ஆர்லிஸின் பிக்கப் அவளிடம் இருந்த நாள்களை விட எங்கள் மூவரிடம் இருந்த நாள்கள் அதிகம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஜனவரியில் அது கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி.

ஜனவரி மூன்றாம் தேதி வெர்டெல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டபோது, அது நின்ற இடத்தில் பனிமேல் நான்கைந்து சிவப்புப் பொட்டுகள் இருந்தன. கியர் பெட்டி ஆயில் சிவப்பாக இருக்கும். வெள்ளைப் பனியில் அதைத் தவறவிட யாராலும் முடியாது.

வெர்டெல் சொன்னான்: "ஆர்லிஸ், உன் வண்டிக்கு மூக்குல ரத்தம் வருது."

"குளிருக்கு எனக்கே வருது. அதுக்கு வந்தா என்ன?"

"பாத்துக்கம்மா. சொல்லிட்டேன்."

அவன் ஏற்கனவே ஒரு பாட்டில் ஊற்றியிருந்தான். அதை அவன் சொல்லவில்லை. அவன் போனதும் அவளும் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தாள். குறிக்குக் கீழே இருந்தது. ஒரு பாட்டில் ஊற்றினாள்.

ஜனவரி மூன்றாம் வாரத்தில் வண்டி வேறு மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது இழுத்துக்கொண்டே நின்றது. மேய்ச்சல் மேட்டில் பாதி ஏறியதும் இன்ஜின் அலறும், வண்டி நகராது. அடியிலிருந்து புகை வந்தது. கருகிய வாடை. நின்ற இடமெல்லாம் சிவப்பு, முன்பை விட அதிகமாக.

செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் கூட்டுறவுக் கடையில் காபி குடிப்பது வழக்கம். அன்று ஆர்லிஸ் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.

"கத்துறது ஒண்ணு, நடக்குறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் ஒட்டே இல்ல" என்றாள்.

"எங்க வீட்டுலயும் அதே கதைதான்" என்றான் கெய்லன். "நான் கத்துவேன். எதுவும் நடக்காது."

"உன் பொண்டாட்டிகிட்ட சொல்றேன் இரு."

"சொல்லு. அதுக்கும் ஒண்ணும் நடக்காது."

வெர்டெல் சிரிக்கவில்லை. "கியர் பெட்டி போச்சுன்னா போச்சுதான். டிக்கின்சன்ல கேட்டுப் பாரு" என்றான்.

அவள் கடையின் போனிலிருந்தே டிக்கின்சனில் இருந்த ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போக முடியாததால், நடப்பதைச் சொன்னாள்: வழுக்குகிறது, ஒழுகுகிறது, கருகுகிறது. அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள். போனை வைத்துவிட்டு எங்களிடம் சொன்னாள்.

"எறக்கிப் பிரிக்கணுமாம். மூணு வாரம். பிரிச்சாலும் சரியாகுமான்னு பிரிச்சாத்தான் தெரியுமாம்."

"மூணு வாரந்தானே. நாங்க மூணு பேரும் மாத்தி மாத்தி உன் மாட்டுக்குப் புல்லு போட்டுர்றோம்" என்றான் கெய்லன்.

"எதுல?"

கெய்லன் கோப்பையைப் பார்த்தான்.

"உங்க மாட்டுக்கே நீங்க என் வண்டியிலதானய்யா போடுறீங்க" என்றாள்.

அவள் தொனியில் கோபம் இல்லை. காபியைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டுப் போனாள்.

அவளுடைய தம்பி நோரிஸ் பிஸ்மார்க்கில் காப்பீட்டு வேலையில் இருந்தான். டுவேன் இறந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்வான். அவன் வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறை அவளுக்காகவே ஐந்து வருஷமாகக் காலியாக இருந்தது. ஜனவரி 25 அன்று அவன் கூப்பிட்டபோது பிக்கப்பைப் பற்றி அவளே சொன்னாள். பிறகு அவள் என்னிடம் அதைச் சொன்ன விதத்தில் எழுதுகிறேன்.

"அக்கா, இது வண்டி பத்தின பேச்சு இல்ல. இன்னிக்கு கியரு. நாளைக்கு உன் இடுப்பு. அங்க விழுந்து கெடந்தா யாரு பாப்பா?"

"மாடு பாக்கும்."

"வெளையாடாத. பிப்ரவரி பன்னெண்டு சினைமாட்டு ஏலம் இருக்கு. நான் லாரி பேசுறேன். பதினொண்ணாம் தேதி காலையில வர்றேன். ஏத்திருவோம். நெலத்தைக் குத்தகைக்கு விட்டுரு."

"சரிடா" என்றாள்.

ஐந்து வருஷமாக இதே வார்த்தைகளைச் சொல்லி வந்தவனுக்கு, அவள் சரி சொன்னால் என்ன சொல்வது என்று தெரிந்திருக்கவில்லை.

மாடுகள் ஏலப் பட்டியலில் ஏறின. ஆர்லிஸ் ஒரு நாளில் மூன்று உருளைகளைக் கொண்டுபோக மூன்று தடவை போய்வந்தாள். இரண்டாகத் தூக்கினால் வண்டி மேடு ஏறவில்லை. ஏறுவதற்கு முன் சிவப்பைப் பார்த்து இரண்டு நாள் ஒவ்வொரு பாட்டில் ஊற்றினாள். பதினொன்றாம் தேதி வரை இழுத்தால் போதும் என்று இருந்தாள்.

பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை. மாட்டை வெளியூருக்கு ஏற்றுவதென்றால், அதன் தோலில் போட்ட சூட்டுக்குறி யாருடையது என்று காட்டும் சான்று கையில் இருக்க வேண்டும். அது வண்டியில்தான் எங்கோ இருந்தது. தேடுவதற்காக சீட்டை முன்னால் மடக்கினாள். சான்று கிடைத்தது. அதற்கு முன் பாட்டில்கள் கிடைத்தன.

அவள் அவற்றை எடுத்து வண்டியின் மூக்கின்மேல் வரிசையாக நிறுத்தினாள். ஒன்பது. எல்லாம் கியர் பெட்டி ஆயில். மூன்று நீல மூடி, அவளுடையவை. இரண்டு வெர்டெல் வாங்கும் மலிவு ரகம். இரண்டு கெய்லனுடையவை, அவன் எந்த பாட்டிலின் மூடியையும் பல்லால் கடித்துத்தான் திறப்பான், அந்தக் கடி இருந்தது. மீதி இரண்டும் ஒரு சொட்டுகூட வழியாமல் துடைத்து, மூடி திருகி வைக்கப்பட்டிருந்தன. அவை யாருடையவை என்று அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

அரை மணி நேரத்தில் என் வீட்டு போன் அடித்தது.

"எமில், நான் ஆர்லிஸ். உங்க நோட்டை எடுங்க."

"எந்த வருஷத்து நோட்டு?"

"இந்த வருஷத்துதான். என் வண்டியில என்ன ஊத்துனீங்க?"

இதைக் கேட்கக் கூடாது என்று முன்பே சொன்னேன். எனக்குச் சங்கடமாக இருந்தது. "அதெல்லாம் எதுக்கும்மா" என்றேன்.

"கேக்குறேன்ல. படிங்க."

படித்தேன். "ஜனவரி 8, வியாழன். காலை 7.40 இன்ஜின் போட்டேன். வெளிய பூஜ்யத்துக்குக் கீழ பத்தொம்பது. 7.45 கியர் ஆயில் பாத்தேன். குறிக்கு ஒரு விரல் கீழ. ஒரு பாட்டில்."

"அடுத்தது."

"ஜனவரி 24, சனி. 7.35 இன்ஜின். பூஜ்யத்துக்குக் கீழ இருபத்திரெண்டு. 7.40 பாத்தேன். ஒரு விரல் கீழ. ஒரு பாட்டில்."

"அஞ்சு நிமிஷம்" என்றாள்.

"ஆமா, ரெண்டு தடவையும் அஞ்சு நிமிஷம்."

"வண்டி எங்கயும் போகல."

"முத்தத்துலதான் நின்னுச்சு. அஞ்சு நிமிஷத்துல எங்க சூடேற..." நான் நிறுத்தினேன்.

பென்சிலை எடுத்து அந்த இரண்டு நேரத்துக்கும் அடியில் கோடு போட்டேன்.

இன்ஜின் ஆயிலை வண்டி நின்று ஆறிய பின் பார்க்க வேண்டும். கியர் பெட்டி ஆயில் நேர்மாறு. வண்டியை இருபது மைலாவது ஓட்டி, நன்றாகச் சூடேறிய பின், சமதரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். எங்கள் குளிரில் அந்த ஆயில் சுருங்கிக் கிடக்கும். குச்சி எப்போதும் குறைவு என்றே காட்டும். குறைவு என்று நினைத்து ஊற்றினால், சூடேறியதும் பொங்கி அளவுக்கு மேல் நிற்கும். உள்ளே சுழலும் சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைக்குத் தள்ளும் பலம் இல்லை, அதனால் கியர் பிடிக்காமல் வழுக்கும். இடம் போதாத ஆயில் மூச்சுக் குழாய் வழியே வெளியே வந்து சொட்டும். சொட்டைப் பார்ப்பவன் ஒழுகுகிறது என்று நினைப்பான். காலையில் குச்சியை உருவுவான். குறைவு என்று காட்டும்.

இது எனக்குத் தெரியாதது இல்லை. ஹெல்விக் பக்கத்தில் யாருக்கும் தெரியாதது இல்லை. ஆனால் இரவல் வாங்கிய வண்டியை விடியும்போதே திருப்பிவிட வேண்டும், திருப்பும்முன் பார்க்க வேண்டும். அதில் இருபது மைல் ஓட்ட யாருக்கு நேரம். நேரத்தையும் குளிரையும் நான் தவறில்லாமல் எழுதி வைத்திருந்தேன். எழுதியதை நான் படித்துப் பார்க்கவில்லை.

"மூணு பாட்டில் நான் ஊத்துனது" என்றாள் ஆர்லிஸ். "அதையும் எழுதிக்கங்க. நாளைக்குக் கோயிலுக்கு வரும்போது உங்க அளவுக் குவளையை எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அவள் தேவாலயத்துக்கு நேர்வழியில் வரவில்லை. பெரிய சாலைக்குப் போய், சமமான பாதையாகப் பார்த்து, மெதுவாக இருபத்தாறு மைல் சுற்றிக்கொண்டு வந்தாள். பாடல்கள் தொடங்கி இரண்டாவது பாடல் ஓடும்போதுதான் உள்ளே வந்து, கடைசிப் பெஞ்சில்கூட உட்காராமல் என்னைப் பார்த்துத் தலையசைத்து வெளியே போனாள். நானும் பின்னால் போனேன். வண்டியின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் தேவாலயத்தின் பக்கவாட்டில் கான்கிரீட் தரை. அந்த வட்டாரத்திலேயே நீர்மட்டக் கருவி வைத்து நான் சரிபார்த்த சமதரை அது ஒன்றுதான்.

குச்சியை உருவினாள். குறிக்கு மேல் நான்கு விரல் வரை நனைந்திருந்தது. நனைந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பாகக் குமிழ்.

"ஸ்ட்ராபெர்ரி பால்" என்றாள்.

கன்றுகளுக்கு மருந்து புகட்டும் பெரிய பீச்சுக்குழலும், அதன் முனையில் மாட்டும் மெல்லிய ரப்பர் குழாயும் கொண்டுவந்திருந்தாள். வண்டியை அணைத்துவிட்டு, குச்சி இருந்த துளைக்குள் குழாயை இறக்கி உறிஞ்சினாள். சமையலறையிலிருந்து ஒரு காலி ஐஸ்கிரீம் வாளியை நான் எடுத்து வந்தேன். தேவாலய உடுப்புக்கு மேல் மாட்டுக் கொட்டகைக் கோட்டைப் போட்டிருந்தாள். உள்ளே பிரசங்கம் முடிந்து, காணிக்கை முடிந்து, எல்லோரும் வெளியே வரும்போது என் குவளைக் கணக்கில் வாளியில் மூன்றே முக்கால் பாட்டில் அளவு சேர்ந்திருந்தது. இன்ஜினை மறுபடி போட்டுப் பார்த்தாள். குறியில் சரியாக நின்றது.

பாதிரியார் படியில் நின்று பார்த்தார். "ஆர்லிஸ், இன்னிக்கு ஓய்வு நாள்."

"வண்டி ஒரு மாசமா ஓய்வுலதான் இருக்கு பாதர்" என்றாள்.

திங்கட்கிழமை காலை நான் அவள் பண்ணைக்குப் போனேன். பாரன்ஹீட்டில் பூஜ்யத்துக்கு மேல் நான்கு டிகிரி, காற்று வடமேற்கு. அவள் முதலில் ஓர் உருளை மட்டும் எடுத்தாள். மேடு ஏறியது. திரும்பி வந்து இரண்டாகத் தூக்கினாள். மேட்டின் பாதியில், வழக்கமாக அலறும் இடத்தில், வண்டி கியர் மாறியது. ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான். மேலே போய்ச் சேர்ந்தது. ரிவர்ஸ் மட்டும் சரியாகவில்லை. போட்டுவிட்டு மூன்று எண்ணும் வரை காத்திருந்தால்தான் பிடித்தது. உள்ளே ஏதோ கருகித்தான் இருந்தது.

"இன்னும் எத்தனை நாள் ஓடும்?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள். வீட்டுக்குப் போய் ஏலக்காரரைக் கூப்பிட்டுப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொன்னாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். லாரி வேண்டாம், மாடு ஏற்றும் டிரெய்லர் ஒன்றை மட்டும் உன் வண்டியில் மாட்டிக்கொண்டு வா என்றாள். எதற்கு என்று அவன் கேட்டதற்கு, வா என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை கூட்டுறவுக் கடையில் கெய்லன்தான் ஆரம்பித்தான்.

"வண்டி ஓடுதாமே. யாரு பாத்தா?"

"நானே பாத்தேன்."

"என்ன கோளாறு?"

ஆர்லிஸ் காபியில் சர்க்கரை போட்டுக் கலக்கினாள். "ஆயில்."

"கொறைஞ்சு போயிருந்துச்சா?"

"கூடிப்போயிருந்துச்சு."

வெர்டெல் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். கெய்லன் தன் பல்லை நாக்கால் தடவிக்கொண்டான். நான் என் கோப்பையை இடமிருந்து வலம் திருப்பி வைத்தேன். கடைசியில் வெர்டெல்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குளிரு இந்த வருஷம் ஜாஸ்திதான்" என்றான். எல்லோரும் ஆமாம் என்றோம்.

புதன்கிழமை நோரிஸ் வந்தபோது அவள் மேட்டில் புல் விரித்துக்கொண்டிருந்தாள். நான் வேலியோரம் நின்றிருந்தேன். மாட்டை ஒதுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தாள். அவன் நகரத்து ஷூவோடு பனியில் நடந்து வந்து, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். கண்ணாடி இறக்கியிருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"ஓடுது" என்றான்.

"ஓடுது."

"அடுத்த மாசம் மறுபடி நின்னா?"

"அடுத்த மாசம் இருபதாம் தேதி கன்னு போட ஆரம்பிக்கும்."

"நான் அதைக் கேக்கல அக்கா."

"தெரியும்டா. நீ கேட்டது தப்புன்னு சொல்லல. வண்டி செத்துருச்சுன்னு நெனச்சேன், சரின்னேன். சாகல."

அவன் முழங்கையை ஜன்னலில் ஊன்றி மாடுகளைப் பார்த்தான். சிறு வயதில் அவனும் அங்கேதான் வளர்ந்தான். "அப்ப என்னை எதுக்கு நூத்துப்பன்னெண்டு மைல் வரச் சொன்ன?"

"பதினோரு கெழட்டு மாடு இருக்கு. பல்லு போனது, மடி கெட்டது. எப்படியும் கழிச்சு விக்கணும். டிரெய்லர் சும்மா போக வேண்டாம்."

"கீழ் ரூமுக்குப் போன வாரந்தான் பெயின்ட் அடிச்சேன்."

"என்ன கலர்?"

"மஞ்ச."

"நல்லாருக்கும். ஈஸ்டருக்கு வர்றேன், ரெண்டு நாள்."

அவன் சிரித்துவிட்டான். பதினோரு மாடுகளையும் நாங்கள் மூவருமாக ஒதுக்கி ஏற்ற ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அவன் ஷூ நனைந்து கெட்டது. காபியும் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் இரண்டு துண்டும் சாப்பிட்டுவிட்டு 12.25க்குக் கிளம்பினான்.

மீதி ஐம்பத்துமூன்று பசுக்கள் அந்த வசந்தத்தில் ஐம்பத்தொரு கன்று ஈன்றன. நாங்கள் மூவரும் வண்டியைத் தொடர்ந்து இரவல் வாங்கினோம். அந்தக் குளிர்காலத்தில் யாரும் அதன் கியர் ஆயில் குச்சியைத் தொடவில்லை; பெட்ரோல் மட்டும் முழுக்க நிரப்பினோம்.

2011 நவம்பரில் ரிவர்ஸ் அடியோடு போயிற்று. முன்பக்கம் போவதில் குறையில்லை என்று அவள் கியர் பெட்டியைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை. கொட்டகைக்கு இரண்டு பக்கமும் கதவு வைத்தாள். ஊரில் எங்கே நிறுத்தினாலும் நேராக வெளியேற வழி இருக்கும்படி நிறுத்தினாள். கூட்டுறவுக் கடை வாசலில் ஓரத்து இடம் ஒன்று அப்படி இருந்தது. யாரும் சொல்லாமலே செவ்வாய்க்கிழமைகளில் அந்த இடத்தை எல்லோரும் காலியாக விட்டார்கள். வெளியூர் வண்டி ஏதாவது அங்கே நின்றால், வெர்டெல் எழுந்து போய் மரியாதையாகச் சொல்லி நகர்த்தச் சொல்லிவிட்டு வருவான்.

அப்படியே மூன்று வருஷமும் ஏழு மாதமும் ஓட்டினாள். மாடுகளை 2015 ஜூனில், அறுபத்துநான்கு வயதில், தானே நாள் பார்த்து விற்றாள். நிலத்தைக் கெய்லனுக்குக் குத்தகைக்கு விட்டாள். வீட்டை விடவில்லை.